ஓ யூ ஜி எச் சேர்ந்து வரும் சொற்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொன்னிமகள், கும்பகோணம்

மாலையில் வீட்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தை நீட்டி, "டீச்சர், டஃப்னு படிக்கிறோம், அப்ப தோ-வை மட்டும் ஏன் தஃப்னு படிக்கக் கூடாது, கடைசி நாலு எழுத்தும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். இங்கிலீஷ் அப்படித்தான் என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, நியாயமான கேள்வி அது. அன்று இரவே உட்கார்ந்து ஒலிப்படி பிரித்து எழுதினேன். சொரசொரப்புக்கு ரஃப், கடினத்துக்கு டஃப், போதும் என்பதற்கு இனஃப், இருமலுக்கு காஃப், மாட்டுக்குத் தீனி வைக்கும் நீளத் தொட்டிக்கு ட்ராஃப், இவையெல்லாம் 'ஃப்' கூட்டம். ஆனாலும் என்ற பொருளில் வரும் தோ, பிசைந்த மாவாகிய டோ இரண்டும் 'ஓ' கூட்டம். மரக்கிளை பௌ, ஏர் ப்ளௌ. ஊடாக என்பதற்கான த்ரூ தனியாள். கடைசியில் ஒரு டி சேர்ந்துவிட்டால் நமக்கு நிம்மதி: பாட், ப்ராட், தாட், ஃபாட், சாட் எல்லாம் 'ஆட்' என்றே முடியும், வறட்சியைக் குறிக்கும் ட்ரௌட்தான் முரண்டு பிடிக்கும். வாங்கியதற்கும் கொண்டுவந்ததற்கும் பிள்ளைகள் குழம்பினால், 'பை'யில் ஆர் இல்லை, எனவே 'பாட்'டிலும் இல்லை, 'ப்ரிங்'கில் ஆர் உண்டு, எனவே 'ப்ராட்'டிலும் உண்டு என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் மாற்றி எழுத மாட்டார்கள்.

பட்டியல் கையில் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது 'ஏன்' என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு இந்தச் சொற்களோடு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

வார்டு அக்கா, ஸ்லௌ

நான் இருக்கும் ஊரின் பெயரே இந்த நான்கு எழுத்தில்தான் முடிகிறது. லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கம். ஊரைச் சொல்லும்போது ஸ்லௌ. வேலைக்குப் போனால் அதே எழுத்துகள் ஸ்லஃப் ஆகிவிடும், புண்ணின்மேல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த திசுவுக்கு அதுதான் பெயர். பாம்பு சட்டை உரிப்பதற்கும் அதே ஸ்லஃப்தான். சேற்று நிலம் என்று பொருள் வந்தால் இங்கே மறுபடியும் ஸ்லௌ.

திருநெல்வேலியில் இருந்து புதிதாக வந்த தங்கை ஒருத்தி, ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் குறிப்பைப் படிக்கையில் புண்ணைப் பற்றிய வரியில் ஊர்ப்பெயரைப் போலவே வாசித்தாள், எதிரே இருந்த சீனியர் நர்ஸுக்கு என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. அவர் நல்லவர், மெதுவாகத் திருத்திவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு அவளிடம் சொன்னேன்: மருத்துவச் சொல்லை எழுத்தைப் பார்த்து ஊகிக்காதே, அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியை அமுக்கிக் காதால் கேட்டுவிட்டு வாயில் எடு. வெளிநாடு வரத் தயாராகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இலக்கணத்தை அத்தனை அழுத்திச் சொல்லித் தருகிறார்கள், இதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கலாமே.

தெற்குச்சீமை, ம்யூனிக்

பொன்னிமகள் அக்கா, அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை எனக்கு ஜெர்மன் வகுப்பில் கிடைத்தது. இரவுக்கு ஆங்கிலத்தில் நைட், ஜெர்மனில் நாஃக்ட். எட்டுக்கு எய்ட், இங்கே ஆஃக்ட். மகளுக்கு டாட்டர், இங்கே டோஃக்டர். சிரிப்பதற்கு லாஃப், இங்கே லாஃகன். நினைத்தேன் என்பதற்கு தாட், இங்கே டாஃக்ட. இந்தச் சொற்களில் ஆங்கிலத்தில் ஜி எச் நிற்கும் இடத்தில் எல்லாம் ஜெர்மன்காரர் தொண்டையை உரசி ஒரு ஒலி எழுப்புகிறார். நம் ஆய்த எழுத்தை 'எஃகு' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த ஒலி. வகுப்பில் இது பிடிபட்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

பழைய ஆங்கிலத்திலும் அந்த ஒலி இருந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் அதை எழுத மெல்ல ஜி எச் என்ற இரட்டை எழுத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னால் சில வட்டாரங்களில் அந்த ஒலி சுத்தமாக மறைந்தது, சில வட்டாரங்களில் 'ஃப்' ஆக மாறியது. பொது ஆங்கிலம் ஒரு சொல்லை இந்தப் பக்கத்துப் பேச்சிலிருந்தும் இன்னொன்றை அந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது, உயிரொலிகளும் அந்த நூற்றாண்டுகளில் இடம் மாறிக்கொண்டே இருந்தன. இதற்கு நடுவே 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார், எழுத்துக்கூட்டல் மெல்ல அச்சில் உறைந்துவிட்டது, பேச்சு மட்டும் ஓடியது. டஃப், தோ இரண்டையும் அன்று தொண்டையால்தான் முடித்திருப்பார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

எடிசன் வாசி, நியூ ஜெர்சி

வரலாறு நன்றாக இருக்கிறது, ஆனால் பரீட்சை எழுதும் குழந்தைக்கு அதனால் என்ன லாபம்? இந்த எழுத்துக்கூட்டலை மாற்றியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இங்கே ஏர் என்பதைக் கடைசியில் டபிள்யூ போட்டு எழுதுகிறார்கள், 1828இல் வந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி வழியே நிலைத்த வடிவங்களில் அதுவும் ஒன்று. 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களை எளிமையாக அச்சிடச் சொல்லி அரசு அச்சகத்துக்கு உத்தரவே போட்டார், த்ரூவும் தோவும் அதில் இருந்தன. நாடாளுமன்றம் எதிர்த்ததால் கைவிட்டார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934இல் தொடங்கி 1975 வரை இதில் பிடிவாதமாக இருந்து பார்த்தது. இன்று ஹைவேப் பலகையிலும் காரில் உட்கார்ந்தபடியே பர்கர் வாங்கும் கடையிலும் த்ரூவை நான்கே எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்து வளர்ந்த என் மகள் கட்டுரையில் அப்படியே எழுதினாள், டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். தெருவில் சரி, நோட்டில் தப்பு என்றால் பிள்ளை எதை நம்பும்?

ரயில்பயணி, லெஸ்டர்

பக்கத்து ஊர் ஒன்றில் இந்த நான்கெழுத்து இரண்டு முறை வரும், இரண்டு முறையும் வேறு ஒலி: லஃப்பரா. சென்னையில் இருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் டிக்கெட் கவுன்டரில் பெயரைச் சொல்ல முயன்று, கடைசியில் போனில் எழுதிக் காட்டித்தான் வாங்கினார். அதே 'பரா' மிடில்ஸ்பராவிலும் உண்டு, ஆனால் அங்கே ஒரு ஓ குறைவு, முகவரி எழுதும்போது கவனம்.

எடிசன் அண்ணா, ஒரு கூடுதல் தகவல். விக்கலுக்கு ஹிக்கப் என்று பி-யில் முடியும் வடிவம்தான் பழையது. விக்கலும் ஒரு வகை இருமல் என்று நினைத்து யாரோ காஃபைக் கொண்டுபோய் அதில் ஒட்டினார்கள், உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. யாராவது ஹிக்காஃப் என்றால் திருத்துங்கள்.

பொன்னிமகள், கும்பகோணம்

எல்லோருக்கும் நன்றி. எடிசன் சார், லாபம் இருக்கிறது. நேற்று நாஃக்ட், டோஃக்டர் கதையைச் சொன்னேன், வகுப்பே தொண்டையை உரசிப் பார்த்தது. நைட், லைட், டாட்டர் மூன்றையும் அதற்கு அப்புறம் எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள், அந்த ஜி எச் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது அல்லவா. அந்தப் பெண் விடவில்லை, "அப்ப பேயைச் சொல்ற கோஸ்ட்ல முன்னாடி ஏன் எச் வருது?" என்கிறாள். அதற்குத் தொண்டை ஒலி காரணமில்லை என்று மட்டும் சொன்னேன். காக்ஸ்டன் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரில் நெடுங்காலம் இருந்தவர், அங்கே ஃப்ளெமிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஜி-யோடு எச் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது, அது அவர் அச்சிட்ட புத்தகங்கள் வழியே இங்கிலாந்துக்குள் வந்தது. நாளைக்கு அவளுக்கு இதுதான் பாடம்.