எஃப்எஸ்டேபில் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை எடுத்துவிட்டு யூயூஐடி போடுவது எப்படி?

கேள்வி (நீடாமங்கலம்):
அரிசி ஆலை எடைமேடைக் கணினி, டெபியன் லினக்ஸ். இரண்டு சாட்டா டிஸ்க்: ஒன்றில் சிஸ்டம், மற்றதில் எடைச்சீட்டு டேட்டா. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்ற பட்டியல் ஃபைல்) எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்றுதான் இருக்கிறது. யூஎஸ்பி பேக்கப் டிஸ்க்கைச் செருகியபடி பூட் செய்தால் சில நாள் முழுதாக ஏறாமல், பழுதுபார்க்க மட்டும் உதவும் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. குறுவை அறுப்புக்கு லாரிகள் வரிசை கட்டுமுன் சரிசெய்யணும். டேட்டா போகாதே?

பதில் 1 (கும்பகோணம்):
போகாது. மாறப்போவது ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். எஸ்டிஏ என்பது டிஸ்க்கின் பெயரே இல்லை, கெர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) கண்ணில் பட்ட வரிசை. யூஎஸ்பி முந்திக்கொண்டால் எஸ்டிபி, எஸ்டிசி ஆகிவிடும். டெபியன் இன்ஸ்டாலர் தானாக யூயூஐடிதான் (ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் பதிந்திருக்கும் அடையாள எண்) எழுதும்; யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள்.

எஃப்எஸ்டேபை நகலெடுத்து வையுங்கள். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) பிளாக்ஐடி கமாண்டை ஓட்டி ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடியையும் எடுத்து, பழைய பெயர் இருந்த இடத்தில் 'யூயூஐடி=' போட்டு ஒட்டுங்கள். மேற்கோள் குறி வேண்டாம். ரீபூட்டுக்கு முன் ஃபைலைச் சரிபார்க்க 'ஃபைண்ட்மவுன்ட் --வெரிஃபை', பிறகு அதிலுள்ள டிஸ்க்குகளை இணைத்துப் பார்க்க 'மவுன்ட் -ஏ'. இரண்டும் பிழை சொல்லாவிட்டால்தான் ரீபூட்.

பேக்கப் டிஸ்க் வரியில் மட்டும் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற ஆப்ஷன்) சேருங்கள். இல்லையென்றால் அது செருகாத நாளில் 90 விநாடி காத்துவிட்டு மறுபடி எமர்ஜென்சிதான். டேட்டா டிஸ்க்குக்குப் போடாதீர்கள். அது மவுன்ட் ஆகாத நாளில் எடைச்சீட்டெல்லாம் சிஸ்டம் டிஸ்க்கில் இருக்கும் காலி ஃபோல்டரில் போய் விழும், யாருக்கும் தெரியாது.

பதில் 2 (திருவாரூர்):
எஃப்எஸ்டேபோடு நிறுத்தாதீர்கள். கிரப் (பூட் லோடர்) டிஃபால்ட் ஃபைலில் லினக்ஸ் யூயூஐடியை டிஸேபிள் செய்யும் வரி ட்ரூ என்று இருந்தால் கமென்ட் போட்டு, அப்டேட்-கிரப். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு சிஸ்டம்) ரெஸ்யூம் ஃபைலில் ஸ்வாப்பின் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) பழைய பெயர் இருந்தால் மாற்றி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ'. ஸ்வாப்பை உருவாக்கும் எம்கேஸ்வாப் கமாண்டை மறுபடி ஓட்டினால் ஸ்வாப்புக்குப் புது யூயூஐடி வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

 

கேள்வி கேட்டவர்:
பேக்கப் டிஸ்க்குக்கும் டேட்டா டிஸ்க்குக்கும் பிளாக்ஐடி ஒரே யூயூஐடி காட்டுகிறதே?

பதில் 1:
டிடி கமாண்ட் போட்டு டிஸ்க்கை அப்படியே க்ளோன் எடுத்ததாக இருக்கும், யூயூஐடியும் சேர்ந்தே நகலாகியிருக்கும். இந்த நிலையில் எஃப்எஸ்டேபைத் தொடாதீர்கள், எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. பேக்கப்பின் ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 என்றால் அதை அன்மவுன்ட் செய்து, சரிபார்க்க 'ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்', அடுத்து புது யூயூஐடி கொடுக்க 'டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்' (இங்கே யூ பெரிய எழுத்து). அந்த நேரம் டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது.