300 லென்ஸ் 450 ஆகுமா? ஆகாது. ஆகவே ஆகாது.

லவ்டேல்_லென்ஸ்:
நேத்து குன்னூர்_புதுசு தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தாரு. 60 ஆயிரத்துக்குள்ள ஒரு கேமரா வேணும், ஞாயித்துக்கிழமையானா டீ எஸ்டேட், மலை ரயில், வீட்டுல குழந்தை, அப்பப்ப பறவை எடுக்கணும்னு. நல்ல கேள்வி. அதுக்கு வட்டக்கானல்வாசி குடுத்த பதில அப்படியே போடுறேன்: "ஏபிஎஸ்சி பாடி எடுங்க ப்ரோ, அதுல 300 லென்ஸ் போட்டா 450 ஆயிடும், ஓசியில ஒன்றரை மடங்கு." இதப் படிச்சதுலருந்து எனக்கு டீ கூட தொண்டையில இறங்கலீங்க. 300ங்கறது லென்ஸோட குவியத் தூரம், எம்எம் கணக்கு, அது கூடக் கூட தூரத்துல இருக்கறது பெருசாத் தெரியும். அது எப்படிங்க 450 ஆகும்? பாடிய, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடம்ப, மாத்துனா லென்ஸ் வளருமா? ஃபுல் ஃப்ரேம் கேமராவுல படம் விழற சென்சார் 36க்கு 24 எம்எம். ஏபிஎஸ்சிங்கற சின்ன சென்சார் கிட்டத்தட்ட 24க்கு 16. அதே லென்ஸ் அதே படத்தத்தான் உள்ள விழ வைக்குது, சின்ன சென்சார் ஓரத்த விட்டுட்டு நடுவுல இருக்கறத மட்டும் எடுத்துக்குது, அவ்வளவுதான். ஜன்னல்ல பாதிய மூடிட்டா தொட்டபெட்டா பக்கத்துல வந்துருமா? புதுசா வர்ற பசங்களுக்கு தப்பு தப்பா சொல்லிக் குடுக்காதீங்க.

வட்டக்கானல்வாசி:
அண்ணே வணக்கம். ஒரு பதிலுக்கு தனித் திரியே தொறந்து வச்சிருக்கீக, சந்தோசம். நான் என்ன சொன்னேன், 300 போட்டா 450 ஆயிடும்னு சொன்னேன். ஆகுதுல்ல? ஒரே கிளையில ஒரே குருவி, ஒரே எடத்துல நின்னு ஃபுல் ஃப்ரேம்ல 300ல ஒண்ணு எடுங்க, ஏபிஎஸ்சில 300ல ஒண்ணு எடுங்க, ரெண்டையும் ஒரே அளவுல பிரிண்ட் போடுங்க. எதுல குருவி பெருசா இருக்கு? பதில் சொல்லுங்க. ஜன்னல் கத எல்லாம் வேணாம்.

லவ்டேல்_லென்ஸ்:
பிரிண்ட்ல பெருசாக்குனா பெருசாத்தான் தெரியும். நானும் ஃபுல் ஃப்ரேம் படத்த வெட்டி பெருசாக்குவேன், அப்ப என் லென்ஸும் 450ஆ? அப்ப இன்னும் வெட்டுறேன், 900. இன்னும் வெட்டுறேன், 1800. எதுக்குங்க லென்ஸ் வாங்கணும், ஒரு கத்திரிக்கோல் போதுமே.

பூம்பாறை_பூண்டு:
செம செம. அண்ணே லட்ச ரூவா லென்ஸ் வச்சிருக்கவுக எல்லாம் கத்திரிக்கோல் பத்தி பேசுறாக.

வட்டக்கானல்வாசி:
வெட்டுங்கண்ணே, தாராளமா வெட்டுங்க. உங்க நிக்கான் டி750 ஃபுல் ஃப்ரேம், 24 மெகாபிக்சல். அத ஏபிஎஸ்சி அளவுக்கு வெட்டுனா கையில நிக்கிறது 10 சொச்சம். என் பாடியும் 24தான், அந்த 24ம் முழுசா அந்த நடு எடத்துலயே உக்காந்திருக்கு. குருவி மேல எனக்கு ரெண்டு மடங்குக்கு மேல புள்ளி விழுது. இதுக்குப் பேரு ஓசியில்லாம என்னா?

லவ்டேல்_லென்ஸ்:
பேச்ச மாத்தாதீங்க. மெகாபிக்சல் பத்தி யாரு கேட்டா? 300 எம்எம் 450 எம்எம் ஆகுமா, ஆகாதா? அதுக்கு பதில் சொல்லுங்க. சரி மெகாபிக்சல்தான் வேணும்னா டி850ன்னு ஃபுல் ஃப்ரேம் பாடி எடுத்துக்கோங்க, 45.7. ஏபிஎஸ்சி அளவுக்கு வெட்டுனாலும் 19 சொச்சம் நிக்கும். 2016ல பறவை எடுக்கறவங்க வரிசையில நின்னு வாங்குன டி500ங்கற ஏபிஎஸ்சி பாடிக்கே 20.9தான். அப்ப டி850ல 300 போட்டா அது 300ஆ 450ஆ? ரெண்டுமா? காலையில 300, சாயங்காலம் 450ஆ?

குன்னூர்_புதுசு:
சார் எல்லாருக்கும் நன்றிங்க, ஆனா டி850 எல்லாம் என் பட்ஜெட்ல இல்லைங்க. நான் கேட்டது சும்மா எடுக்கத்தானுங்க. 60 ஆயிரம்.

லவ்டேல்_லென்ஸ்:
தம்பி கொஞ்சம் இருங்க. அடிப்படை தெளிவாகாம கேமரா வாங்கி என்ன பண்ணப் போறீங்க? மொதல்ல இது முடியட்டும்.

கோத்தகிரி_டீச்சர்:
குன்னூர் தம்பி, இவங்க முடிக்க மாட்டாங்க, நீங்க இத கேளுங்க. நான் வெச்சிருக்கறது டி3500, 2018ல வந்த ஏபிஎஸ்சி மாடல், இப்ப கம்பெனி நிறுத்திட்டாங்க, செகண்ட்ஸ்ல நல்லதா தேடுனா கிடைக்கும். கூட 18-55, 70-300னு ரெண்டு லென்ஸ். அந்த 70-300 அரைக்கிலோ கூட இல்ல, லாங்வுட் சோலைக்குள்ள கழுத்துல மாட்டிட்டு நடந்தா வலி தெரியாது. பேட்டரி ஒரு தடவ சார்ஜ் போட்டா 1550 படம்னு கம்பெனி கணக்கு. மார்கழி குளிர்ல அது குறையும், குறைஞ்சாலும் ஒரு நாள் பொழுது தாராளமா ஓடும். மிரர்லெஸ், அதாவது உள்ள கண்ணாடி இல்லாத கேமரா, எடுத்தீங்கன்னா ஸ்க்ரீன் எந்நேரமும் எரியறதால பேட்டரி சீக்கிரம் தீரும், ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி ஸ்வெட்டருக்குள்ள ஒடம்புச் சூட்டுல வெச்சுக்கோங்க. ஆனா மிரர்லெஸ்ல கண்ணக் கண்டுபுடிச்சு ஃபோகஸ் பண்றது இருக்கே, ஓடியாடற குழந்தைய எடுக்க அதவிட சௌகரியம் கிடையாது. ரெண்டையும் கையில புடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் லவ்டேல் சார், வட்டக்கானல் தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணத்தான் வேற வேற மாதிரி சொல்லிட்டிருக்கீங்க.

லவ்டேல்_லென்ஸ்:
இல்லைங்க டீச்சர். ஒண்ணு இல்ல. அவரு 450ங்கறாரு, நான் 300ங்கறேன். ஸ்கூல்ல பசங்க 300ன்னு எழுத வேண்டிய எடத்துல 450ன்னு எழுதுனா மார்க் போடுவீங்களா?

வட்டக்கானல்வாசி:
டீச்சர், நீங்க மரியாதைக்குரியவுக, ஆனா இது ஒண்ணு இல்ல. அவுக சொல்றது தப்பு.

மஞ்சூர்_மேகம்:
எதையோ வாங்கித் தொலைங்க, ஆடி மாசம் வந்தா 300க்கும் பூஞ்சை, 450க்கும் பூஞ்சை. எங்க பக்கம் மழை புடிச்சா சட்டையே வாரக்கணக்குல காயாது, கேமராவ பையில போட்டு பரண்ல வெச்சீங்கன்னா எடுக்கறப்போ கண்ணாடிக்குள்ள சிலந்தி வலை மாதிரி பரவியிருக்கும். ரொம்ப நாள் விட்டா லென்ஸ் மேல பூசியிருக்கற பூச்சையே அரிச்சுப்புடும், அப்புறம் தொடைச்சாலும் தடம் போகாது. பட்ஜெட்ல முதல்ல ஈரம் அண்டாம வைக்கிற டிரை கேபினெட் பெட்டிக்கு எடுத்து வைங்க. ஈரப்பதம் 40லருந்து 50க்குள்ள வெச்சா போதும்.

பூம்பாறை_பூண்டு:
டிரை கேபினெட்டா, எதுக்கு? அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடி வைங்க. எங்க வீட்டுல அப்படித்தான்.

மஞ்சூர்_மேகம்:
அரிசியா? அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள்ள போயி, ஜூம் திருப்புறப்ப கரகரன்னு சத்தம் வரும் பாருங்க, அப்ப தெரியும். ஈரத்த இழுக்கற சிலிகா ஜெல் வாங்கிப் போடுங்க. நீலம் ரோஸ் கலர் ஆனா வாணலியில போட்டு வறுத்து மறுபடி போடலாம். காசு இல்லையா, எங்க அம்மா பட்டுப்புடவைக்கு செஞ்ச மாதிரி பீரோவுக்குள்ள ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப எரிய விடுங்க. அரிசியாம்.

பூம்பாறை_பூண்டு:
பீரோக்குள்ள பல்பு எரிய விட்டு வீட்டக் கொளுத்துறதுக்கு அரிசி தேவல. எங்க வீட்டு கேமரா இன்னைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாருங்க.

மஞ்சூர்_மேகம்:
கேமராவுல கண்ணாடி கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், வேற எப்படி இருக்கும்? அந்த அரிசிய அப்புறம் பொங்கித் திங்கறீங்களா?

பூம்பாறை_பூண்டு:
திங்கிறோம். பூண்டுக் குழம்பு ஊத்தி. எங்க கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு, உங்க பக்கம் என்ன இருக்கு, மப்பும் மழையும்தான.

லவ்டேல்_லென்ஸ்:
அரிசி, பூண்டு எல்லாம் வேற எடத்துல வெச்சுக்குங்க. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. எங்கப்பா ஊட்டி இந்துநகர் எச்பிஎஃப்ல, அதான் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல, வேலை பாத்தவரு. 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, நாடு பூரா கருப்பு வெள்ளை ஃபிலிம் போனது இந்த ஊருலருந்து. நான் ஃபிலிம் ரோலப் புடிச்சு வளந்தவன். 35 எம்எம் ஃபிலிம்ல 300ன்னா 300, அதவிடப் பெரிய மீடியம் ஃபார்மேட்ல போட்டாலும் 300. அன்னைக்கு யாரும் இந்த ஒன்றரைப் பெருக்கல் பண்ணல. டிஜிட்டல் வந்து, சென்சார சின்னதாக்கி, காசு மிச்சம் புடிச்சிட்டு, அத ஒரு வசதி மாதிரி வித்தான் கம்பெனிக்காரன். நீங்களும் நம்பிட்டீங்க.

வட்டக்கானல்வாசி:
ஃபிலிம் கம்பெனிய மூடியாச்சுண்ணே. மூடுனது வருத்தம்தான், ஆனா அத இழுத்துட்டு வந்து 300க்கு சாட்சி வைக்காதீக. எங்க ஊருல நூறு வருசத்துக்கு மேல சூரியனப் படம் புடிச்சிட்டு இருக்காக. 1909ல எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி சூரியப் புள்ளியில வாயு எப்படி ஓடுதுன்னு கண்டுபுடிச்சது கொடைக்கானல் அப்சர்வேட்டரியில. படம் புடிக்கிறதப் பத்தி ஊட்டிக்காரக எங்களுக்கு வகுப்பெடுக்க வேணாம்.

லவ்டேல்_லென்ஸ்:
ரொம்ப சந்தோசம். அந்த எவர்ஷெட் துரை தன்னோட தொலைநோக்கிய ஒன்றரையால பெருக்கி எழுதி வெச்சாரா? கேட்டு சொல்லுங்க.

மஞ்சூர்_மேகம்:
:) :)

வட்டக்கானல்வாசி:
சரி ஒண்ணு கேக்குறேன். பி1000 கேமரா தெரியும்ல, 2018ல வந்தது. பெட்டியில என்ன போட்டிருக்கான்? 3000 எம்எம். மூணாயிரம். கம்பெனிக்காரனே போட்டிருக்கான். அவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

லவ்டேல்_லென்ஸ்:
வாங்க வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். பெட்டியப் பாத்தீங்க, லென்ஸ் மூஞ்சியப் பாத்தீங்களா? முன்னாடி வளையத்துல அச்சடிச்சிருக்கறது 4.3லருந்து 539. மூணாயிரம் எங்க போச்சு? சென்சார் சுண்டு விரல் நகத்தவிட சின்னது, அதனால பெட்டியில பெருக்கிப் போட்டு விக்கிறான். அதுலயும் முழு ஜூம்ல எஃப் 8, அதாவது உள்ள வர்ற வெளிச்சம் ரொம்பக் கம்மி. சோலைக்குள்ள மழைக்கால வெளிச்சத்துல எஃப் 8 வெச்சு என்ன எடுப்பீங்க? ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்த உணர்ற அளவ, ஏத்தி ஏத்தி குருவி இறகெல்லாம் தண்ணியில நனைச்ச பேப்பர் ஆயிடும். தூரத்து நிலா எடுக்கலாம், வெயில்ல ஏரி அந்தக் கரையில இருக்கற கொக்கு எடுக்கலாம், அதுக்கு ஜோரான கேமரா, நான் இல்லைங்கல. ஆனா 539ங்கறது 539தான். 300ங்கறது 300தான்.

குன்னூர்_புதுசு:
சார் அப்ப ஃபுல் ஃப்ரேம் தான் வாங்கணுங்களா?

லவ்டேல்_லென்ஸ்:
நான் அப்படி சொல்லவே இல்ல தம்பி. ஃபுல் ஃப்ரேம் பாடி, அதுக்கேத்த லென்ஸ்னு போனா லட்சத்தத் தாண்டும். 200-500 லென்ஸ் ஒண்ணே 2.3 கிலோ, டிரைபாட் தனி. நீங்க ஏபிஎஸ்சிதான் வாங்கணும்.

பூம்பாறை_பூண்டு:
அப்ப வட்டக்கானல் அண்ணன் சொன்னதத்தான சொல்றீக?

லவ்டேல்_லென்ஸ்:
இல்ல. ஏபிஎஸ்சி வாங்குங்க, அதுல 300 போடுங்க, அது 300ஆ இருக்கும். அவரு சொன்னது 450 ஆகும்னு. வித்தியாசம் புரியலைன்னா விட்டுடுங்க.

கோத்தகிரி_டீச்சர்:
வட்டக்கானல் தம்பி, நீங்க போன வாரம் பாம்பே சோலையில எடுத்த படத்துக்குக் கீழ 'நீலகிரி சிலப்பன்'னு குருவி பேரு போட்டிருக்கீங்களே, அது பழனி சிலப்பன் ஆச்சே. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க எங்களது, தெக்க உங்களது. எங்களதுக்கு நெஞ்சு வயிறு எல்லாம் செம்பழுப்பு, உங்களதுக்கு நெஞ்சு சாம்பல்.

லவ்டேல்_லென்ஸ்:
ஆஹா. சொந்த ஊரு குருவிக்கே பேரு தெரியாது, 300க்கு 450ன்னு பேரு வெக்க வந்துட்டாரு.

வட்டக்கானல்வாசி:
டீச்சர், அது ஃபோல்டர்ல பழைய தலைப்பு அப்படியே ஒட்டிக்கிச்சு. குருவி படம் எப்படி வந்திருக்கு, அதச் சொல்லுங்க. இறகு இறகா எண்ணலாம். எப்படி வந்துச்சு? 450ல வந்துச்சு. அந்தப் படத்தோட எக்ஸிஃப, அதான் கேமரா படத்துக்குள்ள எழுதி வைக்கிற விவரத்த, எடுத்துப் பாருங்க லவ்டேல் அண்ணே, 35 எம்எம் கணக்குல குவியத் தூரம் 450ன்னு கேமராவே எழுதியிருக்கு. நான் எழுதல. கேமரா எழுதியிருக்கு.

லவ்டேல்_லென்ஸ்:
பாத்துட்டேன். அதுக்கு மேல் வரியில என்ன எழுதியிருக்கு? குவியத் தூரம் 300. அதையும் கேமராதான் எழுதியிருக்கு. மேல் வரிய விட்டுட்டு கீழ் வரிய மட்டும் படிக்கிற பழக்கம் எங்க கத்துக்கிட்டீங்க?

வட்டக்கானல்வாசி:
கீழ் வரிய எதுக்கு போட்டான்? வேலையத்துப் போய் போட்டானா?

லவ்டேல்_லென்ஸ்:
உங்கள மாதிரி ஆளுங்க கேப்பாங்கன்னு போட்டான்.

கோத்தகிரி_டீச்சர்:
கை நடுக்கத்துக்கு எந்த வரி பாக்கணும்னாவது அந்தத் தம்பிக்கு சொல்லுங்களேன். 300ல எடுத்தாலும் ஷட்டர் ஸ்பீட 450ல ஒண்ணு, 500ல ஒண்ணுன்னு வெச்சாத்தான் ஆடாம வரும், ஏன்னா படத்துல ஆட்டமும் சேந்து பெருசாத் தெரியும். நடுக்கத்தக் குறைக்கற ஸ்டெபிலைசேஷன் இருந்தா கம்மி பண்ணலாம், ஆனா குருவி சும்மா உக்காந்திருக்காது.

வட்டக்கானல்வாசி:
பாத்தீகளா! டீச்சரே 450க்கு வந்துட்டாக.

லவ்டேல்_லென்ஸ்:
டீச்சர் தெளிவா "300ல எடுத்தாலும்"னு சொல்லியிருக்காங்க. 300ல. திரும்பப் படிங்க.

கோத்தகிரி_டீச்சர்:
என்னைய விடுங்க சாமி.

மஞ்சூர்_மேகம்:
குன்னூர் தம்பி எங்க ஆளக் காணோம்? போன்லயே எடுத்துக்கறேன்னு போயிட்டாரா?

பூம்பாறை_பூண்டு:
அவரு இந்நேரம் சிம்ஸ் பார்க்ல உக்காந்து சுண்டல் தின்னுட்டு இருப்பாரு. அரிசி விசயத்துக்கு இன்னும் பதில் வரல மஞ்சூரு.

மஞ்சூர்_மேகம்:
உங்க கேமராவக் குலுக்குங்க, சத்தம் வரும், அதான் பதில்.

லவ்டேல்_லென்ஸ்:
வட்டக்கானல்வாசி, எழுத்துல உங்களுக்கு ஏறாது. ஒரு நாள் ஊட்டிக்கு வாங்க. என் பாடியிலயும் உங்க பாடியிலயும் ஒரே லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, கெய்ர்ன் ஹில்ல ஒரே மரத்த எடுத்துக் காட்டுறேன்.

வட்டக்கானல்வாசி:
இ-பாஸ் போட்டு, மலை எறங்கி, திரும்ப மலை ஏறி வர்ற அளவுக்கு 300ல ஒண்ணுமில்லண்ணே. 450ன்னு ஒத்துக்கிட்டா சொல்லுங்க, அன்னைக்கே கெளம்பி வர்றேன்.

லவ்டேல்_லென்ஸ்:
இ-பாஸ் நானே போட்டுத் தர்றேன், வண்டி நம்பர் அனுப்புங்க. வர்றப்ப பாடிய வீட்டுலயே வெச்சிட்டு லென்ஸ மட்டும் கொண்டு வாங்க. பாடியே இல்லாத லென்ஸ மேசை மேல வெச்சு, இது 300ஆ 450ஆன்னு நாலு பேரு முன்னாடி கேக்கறேன், அப்ப என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன்.

வட்டக்கானல்வாசி:
பாடியே இல்லாத லென்ஸ்ல நீங்க எந்தக் குருவியண்ணே எடுப்பீக?