தரங்கம்பாடி கடற்கரை: உங்களுக்கு நடந்தது என்ன?

மாயவரத்தான்:
மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் தின்ற கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். 1986-இல் மாயவரம்–தரங்கம்பாடி ரயிலை நிறுத்துவதற்கு முன்னால் தாத்தா என்னை அதில் கூட்டிப் போனார். வெள்ளைக்காரன் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டுக் கோயிலடியில் அலையில் நின்றேன், காலில் ஏதோ இடித்தது. குனிந்து தடவினால் செதுக்கிய கல், பூவிதழ் மாதிரி ஏதோ விரலில் பட்டது. தாத்தா கடலுக்குள் கைகாட்டி, "அங்க மண்டபத்துல உக்காந்துதான் நாங்க கட்டுச்சோறு தின்போம்" என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு கட்டுமரம் போய்க்கொண்டிருந்தது.

பொறையாத்து அக்கா:
தம்பி, வெள்ளைக்காரன் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். டேனிஷ்காரர்கள் கட்டியது அது, 1620-இல், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி. இங்கிலீஷ்காரனுக்கு விற்றது 1845-இல்தான். சரி, என் விஷயம். சுனாமிக்கு மறுவாரம், எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அம்மா வெறும் கூடையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. கூடையைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் மட்டும் கேட்டார், அதில் மீனே இல்லை, மணல்தான் இருந்தது.

ஆக்கூர் பையன்:
திருக்கடையூரில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் முடித்து, பட்டுப்புடவையும் மாலையுமாகப் பதினான்கு பேர் நேரே கடற்கரைக்குப் போனோம். ஒரே அலை, மாமியாரின் ஒரு செருப்பைக் காணோம். இன்றைக்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்.
போகிறவர்களுக்குச் சொல்கிறேன், மத்தியானம் போகாதீர்கள், மணல் சுடும். அலை தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல்லில் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள், பாசி வழுக்கும். 1792-இல் கட்டிய நுழைவாயில் வழியாக உள்ளே நடந்தே போங்கள், ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பாருங்கள். 1706-இல் கரையிறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டியது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவரும் அவர்தான், அதற்குக் காகிதம் செய்யப் பொறையாறு பக்கம் பட்டறை போட்டதால் அந்த இடத்துக்கு இன்னமும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். குழந்தைகளைக் கரையிலேயே நிறுத்துங்கள்.

பொறையாத்து அக்கா:
கடுதாசிப்பட்டறையைப் பற்றி எனக்கேவா, ஆக்கூர்க்காரரே! யாரும் வழி கேட்கவில்லையே.

சீர்காழியிலிருந்து:
தரங்கம் என்றால் அலை, அலை பாடும் ஊர் என்று அடுத்து யாராவது எழுதத்தான் போகிறீர்கள். குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டில் இருப்பது சடங்கன்பாடி. இதைச் சொல்லி நண்பனோடு அதே கரையில் சண்டை போட்டேன், அவன் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

மாயவரத்தான்:
டேனிஷ், ஒப்புக்கொள்கிறேன் அக்கா. போன வருஷம் என் பையனோடு போய் அந்தக் கல்லைத் தேடினேன். முழங்கால் தண்ணீரில் காலாலேயே துழாவிக்கொண்டு நின்றேன். "என்னப்பா தொலைச்சீங்க?" என்று கேட்டான். செருப்பு என்று சொல்லிவிட்டேன்.