பழைய ஸ்டெம் மேல புது செராமிக் ஹெட்: வைக்கலாமா?

குழித்துறை ஓ.டி.:
ரிவிஷன் கேஸ் (முன்ன வைத்த செயற்கை மூட்டைத் திரும்ப மாற்றுறது) ஒண்ணு வருது. 2006-ல் திருவனந்தபுரத்தில் வைத்த இடுப்பு மூட்டு, செராமிக் ஹெட் (பந்து), பிளாஸ்டிக் லைனர் (அந்தப் பந்து சுழலுற கிண்ணத்தோட உள்ளுறை). லைனர் தேய்ந்துபோச்சு. ஸ்டெம் (தொடை எலும்புக்குள்ள இறங்குற தண்டு) எலும்போடு கெட்டியா இருக்கிறதால அதைத் தொடப்போறதில்லை. ஹெட்டும் லைனரும் மட்டும் மாற்றணும். சப்ளை பண்ற ஆள் "எல்லாம் 12/14 டேப்பர்தான், சாதா செராமிக் ஹெட்டே உட்கார்ந்துக்கும்"னு சொல்றார் (டேப்பர்னா ஹெட் உட்காருற, ஸ்டெம்மோட கூம்பு முனை). சரியா?

பாறசாலைக்காரன்:
இல்லண்ணே, சாதா ஹெட் வைக்கக் கூடாது.

12/14-ங்கிறது டேப்பரோட இரண்டு முனை விட்டத்தை ஒட்டி வந்த பேர். கோணம், நீளம், மேல்பரப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது ஒருபுறம். பெரிய சிக்கல் வேற: பல ஸ்டெம்களில் டேப்பர் மேல நுண்ணிய வரி வரியா இருக்கும். முதல் ஹெட்டைத் தட்டி ஏற்றும்போது அந்த வரிகளோட உச்சி நசுங்கி, பாரத்தைச் சுற்றிலும் பிரிச்சுக் கொடுக்கும். ஒருமுறை நசுங்கினது பழையபடி எழும்பாது. அடுத்து வைக்கிற ஹெட் ரெண்டு மூணு புள்ளியில்தான் தொடும். உலோகம்னா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். செராமிக் அழுத்தத்தை எவ்வளவோ தாங்கும், இழுவிசை ஏறினா விரிசல் ஓடிடும். அந்தப் புள்ளிகளுக்கு நேரா ஹெட்டோட உள்சுவரில் ஏறுறது இழுவிசைதான்.

இதுக்குன்னே டைட்டானியம் ஸ்லீவ் (ஹெட்டுக்கும் டேப்பருக்கும் நடுவுல வர்ற உறை) உள்ள செராமிக் ரிவிஷன் ஹெட் இருக்கு, அதைக் கேளுங்க. டேப்பர் ஆழமாக் கீறியிருந்தாலோ ஒருபக்கம் மழுங்கியிருந்தாலோ ஸ்லீவும் காப்பாத்தாது, ஸ்டெம்மையே எடுக்க வேண்டி வரும். பழைய ஹெட்டைக் கழற்றும்போது இரும்புக் கருவி டேப்பரில் படாமப் பார்த்துக்கிடுங்க.

ஸ்டெம் எந்த மாடல்னு தெரியாம ஸ்லீவ் வரவழைக்க முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் "செராமிக் ஹெட்"னு மட்டும்தான் எழுதியிருக்கும். முதல் ஆபரேஷன் நடந்த இடத்து கேஸ் ஷீட்டில் ஒட்டின, மாடல் விவரம் உள்ள ஸ்டிக்கரோட நகல் வேணும். களியக்காவிளை தாண்டிப் போய்த்தான் வாங்கணும்னாலும் கேஸ் போடுறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

குழித்துறை ஓ.டி.:
பொருத்துற முறை?

பாறசாலைக்காரன்:
முதல்ல டிரையல் ஹெட் (அளவு பார்க்கிற மாதிரி ஹெட்) போட்டு கழுத்து நீளத்தை முடிவு பண்ணுங்க. அப்புறம் டேப்பரைக் கழுவி, நூல் உதிராத துணியால துடைச்சு உலர்த்தணும். ரத்தம், கொழுப்பு, எலும்புத் துகள், சிமென்ட் துணுக்கு எது சிக்கினாலும் மேல சொன்ன அதே புள்ளி அழுத்தம் வந்துடும். கையால லேசாத் திருகி உட்கார வைங்க. பிளாஸ்டிக் முனை இம்பாக்டரை (தட்டி ஏற்றுற கருவி) அச்சுக்கு நேராப் பிடிச்சுத் தட்டுங்க. சுத்தியல் நேரா ஹெட்டில் படவே கூடாது. ஸ்லீவை முதல்ல ஹெட்டுக்குள்ளயா டேப்பர் மேலயாங்கிறதுக்கு அந்தக் கம்பெனித் தாளைத்தான் பார்க்கணும். கீழே விழுந்த ஹெட், ஒருமுறை தட்டிக் கழற்றின ஹெட், ரெண்டும் குப்பைக்குத்தான்.

பல்லுப்பட்டறை:
டேப்பர் சுத்தம்னதும் ஒண்ணு. பல்லுக்கு வைக்கிற சிர்கோனியா (அதுவும் ஒரு செராமிக்) கிரவுனிலும் ஒட்டுற பரப்புதான் தகராறு. வாயில் வைச்சுப் பார்க்கும்போது எச்சிலில் உள்ள பாஸ்பேட் உள்பக்கம் ஒட்டிக்கும். அதைப் பாஸ்பாரிக் ஆசிட் போட்டுக் கழுவுறாங்க, பாஸ்பேட் மேல இன்னும் பாஸ்பேட்! 50 மைக்ரான் அலுமினாத் தூளைக் குறைஞ்ச அழுத்தத்தில் அடிச்சு, எம்.டி.பி. (சிர்கோனியாவோட பிணையிற பாஸ்பேட் சேர்மம்) உள்ள பிரைமர் தடவணும். சிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டும் வேலைக்காகாது.

குழித்துறை ஓ.டி.:
திறந்து பார்க்கையில் பழைய ஹெட் உடைஞ்சே கிடந்தா? மெட்டல் ஹெட் போட்டு முடிச்சுடலாமா?

எலும்பு வார்டு:
அது மட்டும் வேண்டாம் சார். எவ்வளவு கழுவினாலும் உடைஞ்ச செராமிக்கோட நுண்தூள் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் தங்கும். அது மெட்டல் ஹெட்டோட கோபால்ட்-குரோம் உலோகத்தை விடப் பல மடங்கு கடினம், மெட்டல் ஹெட்டை அரைச்சே தீர்த்துடும். அப்படிக் கரைஞ்ச கோபால்ட் ரத்தத்தில் ஏறி இதயம், தைராய்டு, காது பாதிச்ச கேஸ்கள் பதிவாகியிருக்கு. சவ்வை முடிஞ்சவரை வெட்டி எடுத்து, துணுக்கு குத்தின லைனரையும் மாற்றி, மேல சொன்ன ஸ்லீவ் உள்ள செராமிக் ஹெட்டே போடணும்.

ஸ்டிக்கர் வந்ததும் பழைய ஹெட் அலுமினாவா சிர்கோனியாவான்னும் பாருங்க. இன்னைக்கு வர்ற இளஞ்சிவப்பு ஹெட் ரெண்டும் கலந்தது, அலுமினாதான் அதிகம். குரோமியம் ஆக்சைடுதான் அந்த நிறம். தனிச் சிர்கோனியா வேற சரக்கு. சூளை முறையை மாற்றினதில் சில பேட்ச் உடைஞ்சு, 2001-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. நீராவி ஆட்டோகிளேவும் (கிருமி நீக்குற கலன்) அதுக்கு ஆகாது, சூட்டில் ஈரம் பட்டா மேல்பரப்புப் படிகமே மாறும். உறை பிரிச்ச பிறகு பயன்படுத்தாம விட்ட ஹெட்டை இங்கே ஆட்டோகிளேவில் போட்டு அடுத்த கேஸுக்கு எடுத்து வைக்காதீங்க.