முட்டைச் சங்கம் யாருக்கு? அந்த நாற்பது பைசாவுக்குப் பதில் சொல்லுங்கள்

ஹொரமாவு நாமக்கல்காரன்
நேற்று 'பெங்களூரில் முட்டை விலை' இழையில் மர்பி டவுன் முட்டைக்கடை எழுதியது இது: "முட்டைச் சங்கம் என்பது நாலு பெரிய முதலாளிகள் வைத்திருக்கும் போர்டு. பண்ணைக்காரனுக்கு அதனால் ஐந்து பைசா பிரயோஜனம் இல்லை." அதற்கு லைக் போட ஒரு கூட்டம். அங்கே பதில் எழுதினால் தக்காளி விலையோடு கலந்துவிடும் என்பதால் தனி இழை.

எங்களுக்கு மோகனூர் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை. எண்பதுகளின் ஆரம்பத்தில் முட்டை விலை தீவனச் செலவுக்குக் கூடக் கட்டாமல் விழுந்தபோது பண்ணையை மூடிவிட்டுப் போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அன்றைக்கு யாவாரி சொன்னதுதான் விலை. லாரி போய்ச் சேர்ந்து, சரக்கு இறங்கி, மூன்றாம் நாள் துண்டுச்சீட்டு வரும்போதுதான் என்ன விலைக்குப் போனது என்றே தெரியும். கோழித் தொழிலில் இருந்த பி.வி. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைக் கூட்டி, 1982ல் நாம் முட்டைச் சங்கம் என்று சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை ஆரம்பித்தார். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பதுதான் கோஷமே. இன்று நாமக்கல், ஐதராபாத், பர்வாலா, பெங்களூரு என்று ஒவ்வொரு மண்டலத்துக்கும் விலை அறிவிக்கிறார்கள். பண்ணைக்காரன் போனில் பார்த்துவிட்டு யாவாரியிடம் பேசுகிறான். இது பிரயோஜனம் இல்லையா?

மர்பி டவுன் முட்டைக்கடை
அண்ணே, நானும் தினம் காலையில் அந்த விலையைப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. உங்கள் அப்பா அந்த விலைக்கா முட்டை கொடுக்கிறார்? 'மைனஸ்' என்று ஒரு சங்கதி உண்டா இல்லையா? சங்கம் ஒரு விலை சொல்லும், யாவாரி அதில் நாற்பது பைசா கழித்துக்கொண்டு எடுப்பார். எனக்கு லோடு தருகிறவரே வாய்விட்டுச் சொல்கிறார். அப்புறம் எந்த 'என் விலை'? அந்த நாற்பது பைசாவுக்குப் பதில் சொல்லிவிட்டு 1982க்குப் போங்கள்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
மைனஸ் உண்டு. யார் இல்லை என்றது? சந்தையில் தேக்கம் வந்தால் மைனஸ் வரும், இழுவை இருந்தால் தானாகப் போய்விடும். நாற்பது பைசா கழிப்பதற்கே மேலே ஒரு விலை இருக்க வேண்டும் அல்லவா? அந்த விலையை யார் வைத்தது? சங்கம். இது கூடப் புரியாமல் கடை நடத்துகிறீர்கள், வாழ்க.

மர்பி டவுன் முட்டைக்கடை
ஆஹா. கழிப்பதற்கு என்றே ஒரு விலை வைப்பதுதான் சங்கத்தின் சேவையா? இதை நான் ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டுகிறேன்.

ஹெப்பால் வெட்
ஒரு நிமிடம். நீங்கள் இரண்டு பேரும் 'சங்கம், சங்கம்' என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்? முட்டை விலை அறிவிப்பது ஒரு குழு. கறிக்கோழி பண்ணை விலை அறிவிப்பது பல்லடத்தில் இருக்கும் வேறு குழு. கர்நாடகப் பண்ணையாளர்களுக்குத் தனிச் சங்கம், குஞ்சு உற்பத்தியாளர்களுக்குத் தேசிய அளவில் தனிச் சங்கம், ஐதராபாத்தில் வருடா வருடம் கண்காட்சி நடத்தும் கருவி தயாரிப்பாளர் சங்கம் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது.

மர்பி டவுன் முட்டைக்கடை
எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி சார். அந்த நாற்பது பைசா எங்கே போகிறது?

ஒசூர் பிராய்லர்
முட்டைக்காரர்களாவது கொடுத்து வைத்தவர்கள். மைனஸாவது உங்களுக்குச் சொந்த முட்டையில் வருகிறது. நான் ஒப்பந்தப் பண்ணை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், தென்னை நார், ராத்திரி முழிப்பு மட்டும் என்னுடையது. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு ஆறேழு ரூபாய் கூலி. பல்லடம் விலை நூறைத் தாண்டினாலும் எனக்கு அதே கூலிதான். போன கோடையில் மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் போய், கொட்டகையைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் நின்று, மாலைக்குள் இருநூறு கோழிக்கு மேல் செத்தது. அதையும் என் கணக்கில் கழித்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்ல விரும்பவில்லை, இன்னும் அவர்கள் குஞ்சுதான் கொட்டகையில் நிற்கிறது. எனக்காக எந்தச் சங்கம் வந்தது?

ஹொரமாவு நாமக்கல்காரன்
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்த இழை முட்டை பற்றியது.

ஒசூர் பிராய்லர்
தலைப்பில் சங்கம் என்றுதான் இருக்கிறது.

ஹொரமாவு நாமக்கல்காரன்
சரி, சங்கம் என்ன செய்தது என்று கேட்டவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல். நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை, ஆனாலும் முட்டையைச் சீண்ட ஆளில்லை. குடோனில் கூரை வரை ட்ரே அடுக்கி வைத்திருந்தோம். வாங்க வந்தவர்களும் பாதி விலை கேட்டார்கள். அப்போது ஊர் ஊராகக் கோழி மேளா நடத்தி, மந்திரிகளை மேடையேற்றிக் கோழிக்கால் கடிக்க வைத்தது யார்? கோழிப் பண்ணைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி சலுகை அறிவித்தது, வட்டியில் நாலு சதவீதம் குறைந்தது. தனித்தனியாகப் போய் நின்றிருந்தால் வாட்ச்மேன் உள்ளே விட்டிருப்பானா?

2021ல் சோயாப் புண்ணாக்கு விலை கையைச் சுட்டது. தீவனத்தில் புரதத்துக்கு அதை விட்டால் வழியில்லை. பண்ணைத் தரப்புச் சங்கங்கள் டில்லியில் போய் உட்கார்ந்து கேட்டன. ஆகஸ்டில் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி வந்தது.

தூர்தர்ஷன் காலத்தில் ஞாயிறானாலும் திங்களானாலும் தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்று இந்தியில் ஒரு விளம்பரம் வருமே, அது எந்தக் கம்பெனி விளம்பரம்? எந்தக் கம்பெனியும் இல்லை, இதே குழு. முட்டையில் என்ன பிராண்ட் இருக்கிறது? யார் முட்டையை விற்றாலும் எல்லோருக்கும் பலன் வரும் விளம்பரத்துக்குத் தனி ஆள் எவன் காசு போடுவான்?

ஃபிரேசர் டவுன் அக்கா
அந்த 12 லட்சம் டன்னும் மரபணு மாற்றிய சோயா. அதை விட்டுவிட்டீர்களே. மத்தியப் பிரதேச சோயா விவசாயி அன்று போட்ட கூச்சல் உங்கள் குடோன் வரை கேட்கவில்லை போல. ஒரு விவசாயிக்குச் சங்கம் என்றால் இன்னொரு விவசாயியின் விலையை இறக்குவதா?

ஹொரமாவு நாமக்கல்காரன்
அக்கா, அது அரைத்து எண்ணெய் எடுத்த புண்ணாக்கு. விதை இல்லை, மண்ணில் போட்டால் முளைக்காது.

ஃபிரேசர் டவுன் அக்கா
முளைக்குமா என்று நான் கேட்கவில்லை. விலை இறங்கியதா என்று கேட்டேன். வீட்டு டெபாசிட் இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். கேட்டது ஒன்று, பதில் வேறு. கடைசியில் 'வேலை இருக்கிறது' என்று ஓடிவிட்டீர்கள்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
டெபாசிட் இழையில் ஓடியது நானா? ஒப்பந்த நகலைக் காட்டுங்கள் என்றேன், இன்றுவரை காட்டவில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மர்பி டவுன் முட்டைக்கடை
நவாப்பூர், டில்லி, மத்தியப் பிரதேசம், டெபாசிட் எல்லாம் சுற்றிவிட்டோம். நாற்பது பைசா இன்னும் நாமக்கல்லிலேயே நிற்கிறது. நானே கணக்குப் போடுகிறேன். ஐம்பதாயிரம் கோழி இருக்கும் பண்ணையில் தினம் நாற்பத்தையாயிரம் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பைசா என்றால் ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். சங்கம் வைத்த விலை, சங்கத்து உறுப்பினரின் முட்டை, நஷ்டம் மட்டும் உறுப்பினருக்கு. நான் கடைக்காரன். பெட்டிக்கு 210 முட்டை, அதில் இரண்டு உடைந்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஹொரமாவு நாமக்கல்காரன்
முட்டை மஞ்சள் மூட்டை இல்லை, நல்ல விலை வரும்வரை குடோனில் வைத்திருக்க. கோழிக்கு லீவு கிடையாது. இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு நாற்பத்தையாயிரம் வந்து நிற்கும். நாலாம் நாள் ட்ரே இருக்காது, ஐந்தாம் நாள் இடம் இருக்காது. யாவாரிக்கு இது தெரியும். ஆடி முடிகிறபோது பெங்களூரில் பலர் அசைவம் தொடாத சிராவண மாதம் ஆரம்பிக்கும், அது முடிந்து பிள்ளையார் சதுர்த்தி, அப்புறம் நம்மவர்களுக்குப் புரட்டாசி. அந்த நேரத்தில்தான் மைனஸ் ஏறும். இதில் சங்கம் என்ன போலீஸா, யாவாரி வீட்டு வாசலில் நின்று பிடிக்க? பயந்துபோய் முதலில் குறைத்துக் கொடுப்பவனும் பண்ணைக்காரன்தான். ஒற்றுமை இல்லாதது எங்கள் குற்றம். சங்கத்தின் குற்றம் இல்லை.

மர்பி டவுன் முட்டைக்கடை
ஒற்றுமைக்குத்தானே சங்கம்?

சாந்திநகர் சைவம்
புரட்டாசியைக் குறை சொல்வதுபோல் எழுதுவது வருத்தமாக இருக்கிறது. விரதம் இருப்பவர்கள் உங்கள் பண்ணை நஷ்டத்துக்குக் காரணமா?

ஹொரமாவு நாமக்கல்காரன்
ஐயா, நானே புரட்டாசி சனி விரதம் இருப்பவன். யாரையும் குறை சொல்லவில்லை.

ஒசூர் பிராய்லர்
பண்ணை வைத்துக்கொண்டு புரட்டாசி விரதமா? அப்போ உங்களுக்கே தேக்கத்தில் பங்கு உண்டு :)

ஹெப்பால் வெட்
மறுபடி ஒன்று சொல்லலாமா? பேச வேண்டிய இடம் வேறு. குழுவை ஆரம்பித்த பி.வி. ராவ் 1971ல் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸைத் தொடங்கியவர். நாமக்கல் கூண்டுகளில் பரவலாக நிற்கும் பிவி-300 அந்த நிறுவனத்து ரகம். குஞ்சு விற்பவர்களும் முட்டை விற்பவர்களும் ஒரே கூடாரத்தில் இருக்கும்போது, யாருடைய நலன் முன்னால் நிற்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. 2019ல் கோழிக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்க மத்திய அரசு தடை போட்டது. அதற்கு முன்பே சங்கங்கள் உறுப்பினர்களைத் தடுத்திருக்கலாமே என்பது என் கேள்வி. 2017ல் சட்ட ஆணையம் கூண்டு முறை பற்றி அறிக்கை கொடுத்தபோதும்...

ஹொரமாவு நாமக்கல்காரன்
டாக்டர், உங்கள் ஹெப்பால் கால்நடைக் கல்லூரி கிரிராஜா கோழி கொடுத்தது, சந்தோஷம். அதை வைத்து பெங்களூருக்கு ஒரு நாள் ஆம்லெட் போட முடியுமா? கூண்டு இல்லாமல் வளர்த்து இந்த விலைக்கு முட்டை கொடுத்துக் காட்டுங்கள், நாளைக்கே எங்கள் கூண்டைப் பிரிக்கிறோம். ராவ் குஞ்சு விற்றார் என்றால் என்ன? பண்ணை செத்தால் குஞ்சு யாருக்கு விற்பார்? அவர் நலனும் எங்கள் நலனும் ஒன்றாக இருந்ததால்தான் வேலை நடந்தது.

ஹெப்பால் வெட்
கிரிராஜா முட்டைப் பண்ணைக்காக உருவாக்கியது இல்லை, புறக்கடை வளர்ப்புக்கு. இதுகூடத் தெரியாமல்...

ஹொரமாவு நாமக்கல்காரன்
தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒசூர் பிராய்லர்
டாக்டர் நல்ல பாயிண்ட் சொன்னார். அமெரிக்கக் கோழிக்கால் இறக்குமதிக்கு இந்தியா போட்ட தடை விவகாரம் வந்தபோது பெரியவர்கள் எல்லோரும் 'இந்தியப் பண்ணையாளன் அழிந்துவிடுவான்' என்றார்கள். 2012ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2015ல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. இறக்குமதிக்கு நூறு சதவீத வரி இருந்ததால் பிழைத்தோம் என்கிறார்கள். பிழைத்தது யார்? கம்பெனி. அதற்கெல்லாம் குரல் கொடுத்தவர்கள் என் ஆறரை ரூபாய்க்கு வாய் திறக்கவில்லை.

ஹொரமாவு நாமக்கல்காரன்
கோழிக்கால் இறக்குமதி ஆகியிருந்தால் ஆறரையும் கிடைத்திருக்காது.

சிவாஜிநகர் பாஷா
பள்ளிக்கூட முட்டை பற்றி யாரும் பேசவில்லையே. 2024ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 1500 கோடி தருவதாக ஒப்பந்தம் போட்டு, கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரம் ஆறு நாள் முட்டை என்று ஆனது. பண்ணைகளுக்கு நிலையான கிராக்கி அதில்தானே வரும்? சங்கம் விலையில் தலையிடுவதை விட்டு இதைப் பிடிக்கலாம்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
தமிழ்நாட்டில் 1989லேயே சத்துணவில் முட்டை வந்துவிட்டது பாய். இங்கே 2021ல் ஆரம்பித்தபோதே மடாதிபதிகள் ஒரு பக்கம், கட்சிகள் ஒரு பக்கம்.

சிவாஜிநகர் பாஷா
வந்தது. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? இருபது வருடமாக இந்த ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டு எதற்கெடுத்தாலும் 'எங்கள் தமிழ்நாட்டில்' என்கிறீர்கள்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
நான் குடிப்பது போர் தண்ணீர். டேங்கர் வராத வாரம் அதுவும் இல்லை.

நிர்வாகி
ஊர்ப் பெருமையும் தண்ணீரும் வேண்டாம். தலைப்பில் நிற்கவும். அடுத்த முறை இழை பூட்டப்படும்.

மர்பி டவுன் முட்டைக்கடை
தலைப்பில் நான் மட்டும்தான் நிற்கிறேன். நாற்பது பைசா.

ஹொரமாவு நாமக்கல்காரன்
உங்களுக்கு நாற்பது பைசா ஒரு நோயாகிவிட்டது. சரி, நானும் கேட்கிறேன். மைனஸில் வாங்கிய முட்டை உங்களுக்கு எந்த விலையில் வருகிறது? நீங்கள் மர்பி டவுனில் சில்லறைக்கு எந்த விலையில் விற்கிறீர்கள்? சங்க விலை இருபது பைசா ஏறினால் அன்றைக்கே ஐம்பது பைசா ஏற்றுகிறீர்கள். மைனஸ் வந்த வாரத்தில் ஒரு பைசா இறக்கியதுண்டா? அந்த நாற்பது பைசா எங்கே போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் கல்லாவைத் திறந்து பாருங்கள்.

மர்பி டவுன் முட்டைக்கடை
வாடகை நீங்கள் தருகிறீர்களா? வண்டிக்கூலி, இறக்குகூலி, உடைசல், கடன் வாங்கிவிட்டு அடுத்த தெருவுக்குக் குடிபோகும் பேச்சலர் பையன்கள்? என் கல்லாவைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? நான் சங்கம் வைத்து 'என் கடை என் வாழ்வு' என்று கோஷம் போடவில்லை.

ஃபிரேசர் டவுன் அக்கா
இப்போது கடைக்காரர் மேல் பாய்கிறார். கேட்டதற்குப் பதில் வராது என்று சொன்னேனே.

ஹொரமாவு நாமக்கல்காரன்
பதில் மேலே மூன்று இடத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

பானஸ்வாடி புதுசு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் பக்கம் நல்ல நாட்டுக்கோழி முட்டை எங்கே கிடைக்கும்? குழந்தைக்கு. பக்கத்துக் கடையில் பழுப்பு முட்டை பதினைந்து ரூபாய் சொல்கிறார்கள்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி என்று யார் சொன்னது? பழுப்பு முட்டை போடும் லேயர் ரகமும் கூண்டில்தான் நிற்கிறது, அதே தீவனம்தான் தின்கிறது. பதினைந்து ரூபாய் கொடுத்து ஓட்டின் நிறத்தை வாங்காதீர்கள். வெள்ளை முட்டையே வாங்குங்கள்.

மர்பி டவுன் முட்டைக்கடை
பார்த்தீர்களா, இழையிலேயே விளம்பரம் ஆரம்பித்துவிட்டார். தம்பி, என் கடைக்கு வாருங்கள், நாட்டு முட்டை தனியாக வைத்திருக்கிறேன், எந்த ஊரில் இருந்து வந்தது என்றும் சொல்வேன்.

ஹொரமாவு நாமக்கல்காரன்
விலையையும் இங்கேயே சொல்லுங்கள். அதில் எத்தனை மைனஸ்?