மறுமொழி: லேஸ் நிட்டிங் – ‘சரிகைப் பின்னல்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

> லேஸ் நிட்டிங் = சரிகைப் பின்னல் / துளைப் பின்னல்

லேஸ் நிட்டிங், அதாவது இடைவெளிகளே வடிவமாக அமையும்படி ஊசிகளால் பின்னும் பின்னலுக்கு, நீங்கள் முன்வைத்த இந்தத் தமிழ்ப்பெயர்கள் இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. சரிகை என்றால் பட்டுப்புடவைக் கரையில் மின்னும் ஜரி. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தில் வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவுப் பெண்கள் பின்னிய சால்வைகளில் அந்த மினுக்கு ஏது? எல்லாம் ஆட்டு உரோமம். கழுத்துப் பக்கத்து மெல்லிய உரோமத்தைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்து, ராட்டையில் நூற்றார்கள். ஆறடிச் சதுரச் சால்வை கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும், அவ்வளவு மெல்லிசு.

‘துளை’யும் ஒட்டவில்லை. இங்கே யாரும் எதையும் துளைப்பதில்லை. ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றினால் புது வளையம் ஒன்று கூடும்; அடுத்த வரிசையில் அதைப் பின்னும்போது கீழே இடைவெளி திறக்கும். கூடிய வளையத்தை ஈடுகட்ட வேறோரிடத்தில் இரண்டு வளையங்களை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவார்கள். அந்தச் சேர்ப்பை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பவரின் கைவண்ணமே இருக்கிறது. ‘ஓல்ட் ஷேல்’ என்ற ஷெட்லாந்து வடிவத்தில் சுற்றுகள் ஓரிடத்திலும் சேர்ப்புகள் இன்னோரிடத்திலும் கூட்டமாக வரும். அதனால் வரிசைகள் நேராக நிற்காமல் அலையலையாக வளைகின்றன.

ஆகவே என் பரிந்துரை ‘கண்பின்னல்’. வலைக்கண், சல்லடைக்கண் என்று ஏற்கனவே சொல்கிறோம். இடைவெளியும் அதைச் சுற்றிய இழையும் சேர்ந்ததுதான் கண். மேலே சொன்ன சுற்றுக்கு (யார்ன் ஓவர்) ‘நூல்சுற்று’, சேர்ப்புக்கு (நிட் டூ டுகெதர்) ‘இருசேர்ப்பு’. முறுக்கிய நூலில் ஓர் இழையைக் குறிக்கும் பிளைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், முப்புரி நூலில் ‘புரி’ இருக்கிறதே.

ஒரு எச்சரிக்கை. நாகர்கோவில் பக்கம் மிஷனரிகள் வழியாக வந்த லேஸ் வேறு வகை. திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. அதையும் கண்பின்னல் என்று எழுதிவிடக் கூடாது. பொதுப்பெயராக ‘லேஸ்’ அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், பிளாக்கிங். பின்னி முடித்த சால்வை கசங்கிய துணிபோலத்தான் கிடக்கும். நனைத்து, சட்டத்தில் ஓரத்தின் ஒவ்வொரு முனையையும் இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் கண்கள் திறக்கும். ‘விரித்துலர்த்தல்’ என்று வைத்துப் பார்த்தேன். இழுத்துக் கட்டுவது அதில் வரவில்லை. நெசவுக் குடும்பத்தினர் யாரேனும் இருந்தால், ஈரத்துணியை இழுத்துக் கட்டுவதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.