நிலையான செலவு, மாறும் செலவு: வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவதில் சிக்கல்

பென்சில்முனை:
வணக்கம். சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் தீர்த்துவிடுகிறேன். வாக்கியத்தைக் கொடுத்து, சமன்பாட்டை நீயே எழுது என்றால்தான் மாட்டிக்கொள்கிறேன். இப்போது இரண்டு கணக்குகள் இழுக்கின்றன.

ஒன்று: ஓர் அச்சகத்தில் 100 பிரதிகள் அச்சிட 4300 ஆகிறது, 250 பிரதிகளுக்கு 8050 ஆகிறது. செலவுக்கு நேரியல் சமன்பாடு எழுதுக. நான் 4300-ஐ 100-ஆல் வகுத்து, பிரதிக்கு 43 என்று வைத்தேன். செ = 43ப. இதில் 250-ஐப் போட்டால் 10,750 வருகிறது. எங்கே தவறு?

இரண்டு: வாடகை வண்டிக்கு முதல் 3 கிலோமீட்டர் வரை 70, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. நான் எழுதியது க = 70 + 18தூ. 10 கிலோமீட்டருக்கு எனக்கு 250 வருகிறது, விடை 196 என்று இருக்கிறது.

சாய்வுக்கோடு:
முதல் கணக்கை மட்டும் சொல்கிறேன். 43 என்பது சராசரி. அதற்குள் ஒவ்வொரு பிரதிக்குமான செலவும் இருக்கிறது, ஒரு பிரதிகூட அச்சிடாவிட்டாலும் கட்டியாக வேண்டிய தொகையின் ஒரு பங்கும் இருக்கிறது. இரண்டும் கலந்த எண்ணை வீதம் என்று எடுத்தால் எல்லாமே பிசகும்.

கலவையைப் பிரிக்க ஒரே வழி கழித்தல்தான். பிரதிகள் 150 கூடியிருக்கின்றன, செலவு 3750 கூடியிருக்கிறது. நிலையான செலவு இரண்டு தொகையிலும் ஒரே அளவில் இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது முழுக்க முழுக்கப் பிரதிகளின் செலவு. 3750 ÷ 150 = 25. இதுதான் சாய்வு. இனி 100 பிரதிக்கு 2500 போக, 4300-இல் மீதி 1800. அதுதான் நிலையான செலவு.

செ = 25ப + 1800

250-ஐப் போட்டுப் பாருங்கள்: 6250 + 1800 = 8050. சமன்பாட்டை எடுக்கும்போது பயன்படுத்தாத புள்ளியில் சரிபார்ப்பது நல்லது என்பார்கள். இங்கே அப்படி மூன்றாவது புள்ளி இல்லை என்றாலும், கூட்டல் கழித்தலில் கை தவறியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

வட்டமேசை:
எளிய வழி இருக்கிறதே. 'ஒவ்வொரு', 'வீதம்', 'ஒன்றுக்கு' என்று வந்தால் அந்த எண்ணை மாறியோடு பெருக்குங்கள். அப்படி எதுவும் ஒட்டாத எண்ணைத் தனியாகக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

பழைய வாத்தியார்:
வட்டமேசை சொல்வது பாதி இடங்களில் ஓடும், மீதியில் காலை வாரிவிடும். 'மாதத்திற்கு 200, பேசும் நிமிடத்திற்கு 2' என்று ஒரு தொலைபேசிக் கட்டணம் இருக்கட்டும். இரண்டிலும் 'க்கு' இருக்கிறது. ஒரு மாதக் கட்டணத்தைக் கேட்டால் மாறுவது நிமிடம் மட்டும், 200 நிலையானது. நிமிடங்கள் மாதாமாதம் 50 என்று சொல்லிவிட்டு, பல மாதங்களின் மொத்தத்தைக் கேட்டால் மாறுவது மாதம். அப்போது 200-உம் பெருக்கலுக்குள் போய்விடும், மொத்தம் 300மா ஆகும், தனியாக நிற்க எதுவுமே இருக்காது. ஆகவே சொல்லைத் தேடாதீர்கள். 'இந்தக் கணக்கில் எது கூடிக் குறைகிறது?' என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஓர் எழுத்து வையுங்கள். அப்புறம் அந்த எழுத்துக்கு 0 கொடுத்தாலும் கட்ட வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் மாறிலி.

இப்போது வண்டிக் கணக்கு. 70-க்குள் முதல் 3 கிலோமீட்டர் அடங்கிவிட்டது. நீங்கள் எழுதியதில் அந்த 3-க்கும் மறுபடி 18 வீதம் வாங்கிவிட்டீர்கள். உங்கள் விடை சரியாக 54 கூடுதலாக வருவதைப் பாருங்கள், அது 3 × 18. கூடுதல் தூரம் தூ அல்ல, தூ − 3.

க = 70 + 18(தூ − 3)

10 கிலோமீட்டருக்கு 70 + 126 = 196. தூரம் 3 அல்லது அதற்கு மேல் என்றால்தான் இது பொருந்தும். அதற்குள் என்றால் கட்டணம் 70, அவ்வளவே.

பென்சில்முனை:
54 கணக்கு இப்போது விளங்கிவிட்டது, நன்றி ஐயா. ஆனால் விடைப் பக்கத்தில் க = 18தூ + 16 என்று போட்டிருக்கிறார்கள். அந்த 16 எங்கிருந்து வந்தது? நீங்கள் சொன்னபடி 0 கொடுத்தால் 16 வருகிறதே, குறைந்த கட்டணம் 70 அல்லவா?

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி. அடைப்பை விரித்தால் 70 − 54 = 16, அவ்வளவுதான். யாரும் 16 கட்டப்போவதில்லை. அந்தக் கோடு 3-இல்தான் தொடங்குகிறது, 0 அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. அதனால் 0 கொடுத்துப் பார்க்கும் சோதனையை எல்லை உள்ள கணக்கில் செய்யாதீர்கள், தொடங்கும் இடத்தில் செய்யுங்கள்: தூ = 3 என்றால் 54 + 16 = 70. என்னைக் கேட்டால், விரிக்காமல் விட்ட வடிவமே மேல். அதில் 70-உம் 3-உம் கண்ணுக்குத் தெரிகின்றன.

பென்சில்முனை:
சரி. இதே அச்சகக் கணக்கின் அடுத்த பகுதி: ஒரு பிரதியை 40-க்கு விற்றால் எத்தனை விற்றால் நட்டமில்லை? 40ப = 25ப + 1800 என்று வைத்து 120 எடுத்தேன். விலையை 38 ஆக்கினால் 138.46 வருகிறது. 138 என்று எழுதலாமா?

சாய்வுக்கோடு:
120 சரி. இரண்டாவதில் 138 கூடாது. பிரதிக்கு மிஞ்சுவது 13. 138 விற்றால் 1794, இன்னும் 6 குறைகிறது. 139 விற்றால் 1807, நட்டமில்லை. பிரதியைத் துண்டாக்கி விற்க முடியாது, தசமம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இங்கே மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். விடை 139.